மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தில் தோல் பராமரிப்பு: மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாற்பத்தைந்து வயதையொட்டி மாதவிடாய் முறை தவறத் தொடங்கும் நாட்களில், இருபது வருடமாகப் பாவித்த அதே சவர்க்காரம் திடீரென்று எரிக்கும். முழுகி வந்த கையோடு காலெல்லாம் கடிக்கும். பள்ளிக்கூட வயதில் வந்ததைப்போல் தாடையோரம் பரு வரும். கன்னத்தில் மங்கு கறுக்கும். இரவில் வேர்த்து நனைந்து மார்புக்குக் கீழே அவிந்துபோகும். இவற்றைத் தனித்தனி நோய்களாக நினைத்து ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கிறீம் வாங்குவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. ஆனால் இவற்றில் பலவற்றுக்கு வேர் ஒன்றே. ஹோமோன் ஏறி இறங்குவதால் தோலின் மேற்காப்பு பலவீனப்பட்டிருக்கிறது.

அதனால் இந்த வயதில் முதலில் கேட்க வேண்டியது எதைப் பூசலாம் என்பதை அல்ல, எதை நிறுத்தலாம் என்பதை. கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன. முதல் நான்கு படியைத் தாண்டிக் குதித்து நேரே மங்குக்கோ சுருக்கத்துக்கோ மருந்து பூசினால், மருந்து தோலைச் சுட்டு மங்கு இன்னும் கறுப்பதே வழக்கம்.

உள்ளே என்ன நடக்கிறது

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று கணக்கு. பெரும்பாலானோருக்கு 45 முதல் 55 வயதுக்குள் அது நிகழும். அதற்கு முந்திய சில வருடங்களே இங்கே நாம் பேசும் காலம். இந்த வருடங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோமோன் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போவதில்லை. ஒரு மாதம் மிக உயர்ந்து அடுத்த மாதம் சட்டென்று விழும். ஒரு கிழமை எண்ணெய் வடியும் முகம் அடுத்த கிழமை வறண்டு தோலுரிவது இதனால்தான்.

தோலில் ஈஸ்ட்ரோஜன் செய்யும் வேலைகள் பல. தோலை இறுக்கமாக வைக்கும் கொலாஜன் என்ற புரதத்தை உண்டாக்கத் தூண்டும், தோலுக்குள் நீரைப் பிடித்துவைக்கும், எண்ணெய்ச் சுரப்பையும் இரத்தோட்டத்தையும் நிலைப்படுத்தும். மாதவிடாய் நின்றபின் வரும் முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 வீதம் போய்விடும். அதன்பிறகு வருடத்துக்கு 2 வீதம் அளவில் குறையும். தோலின் மேற்படையில் செல்களுக்கிடையே இருக்கும் செரமைட் என்ற கொழுப்பும் குறைகிறது. வயல் வரம்பில் நண்டு துளைபோட்டால் பாய்ச்சிய தண்ணீர் நிற்காது. இந்தக் கொழுப்புக் குறைந்த தோலின் நிலை அதுதான். உள்ளிருக்கும் நீர் வெளியேறும், வெளியிலுள்ள சவர்க்காரமும் வாசனைப் பொருளும் உள்ளே போய் எரிக்கும்.

பெண் உடம்பிலும் சிறிதளவு ஆண் ஹோமோன் உண்டு. ஈஸ்ட்ரோஜன் விழும்போது அதன் கை ஓங்குகிறது. தாடைப் பரு, நாடியில் தடித்த மயிர், உச்சியில் வகிடு அகலமாவது எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை. கருப்பையோடு சூலகங்களையும் சத்திரசிகிச்சையில் எடுத்தவர்களுக்கு இந்த மாற்றங்கள் எந்த வயதிலும் ஒரேயடியாக வரும். அவர்கள் சத்திரசிகிச்சை முடிந்த மாதத்திலேயே இந்தப் படிகளைத் தொடங்குவது நல்லது.

நம் மண்ணும் காற்றும்

வெளியூர் வழிகாட்டிகள் பனிக்குளிர் வறட்சியைப் பற்றியே பேசும். இங்கே வறட்சி கொண்டுவருவது கச்சான் காற்று. வைகாசி தொடக்கம் ஆவணி வரை மலைநாட்டைக் கடந்து மேற்கிலிருந்து இறங்கும் அந்தச் சுடுகாற்று வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் அம்பாறை வயற்புறங்களிலும் உதட்டைக்கூட வெடிக்கவைக்கும். கார்த்திகை, மார்கழி மழையில் துணி காயாது. அப்போது வருவது ஈரத்தில் அவியும் படை. ஆகவே ஒரே கிறீம் வருடம் முழுவதும் ஒத்துவராது. கச்சான் காலத்துக்குத் தடித்த களிம்பு, மாரிக்கு இலேசான லோஷன் என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று தண்ணீர். எழுவான்கரையில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர்களில் பல கிணறுகள் சவர். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, இன்னும் தேய்க்கச் சொல்லும், கழுவினாலும் ஒரு படலம் தோலில் தங்கிவிடும். கேத்தலின் உள்ளே வெள்ளைப் பொருக்குப் படிகிறதென்றால் உங்கள் தண்ணீர் கடினமானது.

படி 1: இரண்டு கிழமைக்கு நிறுத்துங்கள்

முகத்தில் தேசிக்காய்ப் புளி, பற்பசை, கரகரப்பான ஸ்கிறப், வாசனைப் பவுடர். உடம்பில் தும்பு, குளிக்கும் தண்ணீரில் கிருமிநாசினித் திரவம். இவை அனைத்தும் இரண்டு கிழமைக்கு வேண்டாம். தேசிக்காய்ப் புளியைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளித்து மாதக்கணக்கில் மாறாத கறுப்புத் தடம் விழும். பயற்றம் மா பழைய நல்ல பழக்கம்தான். ஆனால் கடையில் அரைத்த கரட்டு மாவைத் தேய்த்தால் மெலிந்த தோல் கீறுப்படும். துணியில் அரித்த மாவைத் தண்ணீரில் கூழாக்கித் தடவி, தேய்க்காமல் கழுவினால் ஆபத்தில்லை.

ஒட்டுப்பொட்டின் பசையும் இந்த வயதில் ஒவ்வாமை தரக்கூடும். நெற்றி நடுவில் கடியும் வெள்ளைத் தழும்பும் தெரிந்தால் ஒட்டுப்பொட்டை விட்டு, சந்தனமோ குங்குமமோ வைத்துப் பாருங்கள். குங்குமமும் கடித்தால் சாயம் சேராததைத் தேட வேண்டும்.

வெள்ளையாக்கும் கிறீம்களைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வயதில் மங்கு வந்த உடனே கை அங்குதான் போகிறது. பெயர் தெரியாத கிறீம்களில் இரண்டு நஞ்சுகள் அடிக்கடி இருக்கும். ஒன்று பாதரசம். அழகுசாதனங்களில் அதைச் சேர்க்கவே கூடாது என்பது சர்வதேச விதி. அதை மீறிய கிறீம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஒரே துவாயைப் பாவிக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். மற்றது குளோபெற்றசோல், பெற்றாமெதசோன் போன்ற வீரியமான ஸ்டெரொயிட். இது முதல் மாதம் முகத்தை மினுங்க வைக்கும். பிறகு தோல் மெலிந்து இரத்த நாளங்கள் தெரியும், பரு கொட்டும், மயிர் முளைக்கும். ஏற்கெனவே கொலாஜன் இழந்துகொண்டிருக்கும் தோலுக்கு இதைவிடக் கெடுதல் இல்லை.

தயாரித்தவரின் முழு முகவரியும் உள்ளடக்கப் பட்டியலும் இல்லாத, ஒரு கிழமையில் வெள்ளையாக்குவதாகச் சொல்லும், யாரோ வீட்டில் கலந்து சின்ன டப்பியில் தரும் கிறீம் எதையும் வாங்காதீர்கள். இப்படி ஒன்றை மாதக்கணக்கில் பூசிவந்தவர் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரிந்து பரு பொங்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் அதையே பூசுவார்கள். அந்தச் சுழற்சியை வைத்தியர் ஒருவரின் கண்காணிப்பில்தான் உடைக்க வேண்டும். டப்பியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

படி 2: கழுவும் முறையை மாற்றுங்கள்

ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்று அமிலத்தன்மையானது, அதன் பிஎச் 4.5 முதல் 5.5 வரை. சாதாரணக் கட்டிச் சவர்க்காரம் 9 அல்லது 10, அதாவது காரம். குழந்தைகளின் படம் போட்ட சவர்க்காரங்களில் பலவும் அப்படித்தான். பிஎச் 5.5 என்று அச்சிட்ட, வாசனையில்லாத கழுவும் திரவமோ கட்டியோ பாமசிகளில் கிடைக்கும். அதை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய மூன்று இடங்களுக்கு மட்டும் போடுங்கள். கைகால், முதுகு, வயிற்றுக்கு நாளாந்தம் சவர்க்காரமே தேவையில்லை. வயல்வேலை செய்து சேறும் வேர்வையும் படிந்த நாளில் போடலாம், பிறகு கட்டாயம் ஈரப்பதக் கிறீம் பூச வேண்டும்.

குளிப்பது 10 நிமிடத்துக்குள் முடியட்டும். தண்ணீர் சூடாக இருக்கக்கூடாது. மாரியில் சுடுதண்ணீர் வார்ப்பவர்கள் கை வைத்தால் வெதுவெதுப்புத் தெரிகிற அளவோடு நிறுத்துங்கள். சவர்க் கிணறு உள்ளவர்கள் குளித்து முடிந்ததும் குழாய்த் தண்ணீரிலோ சேமித்த மழைத்தண்ணீரிலோ இரண்டு செம்பு அள்ளி முகத்திலும் மேலிலும் வார்த்து அலசினால் போதும். முழுக் குளிப்பையும் நல்ல தண்ணீரில் செய்ய வசதியில்லாதவர்களுக்கு இந்தச் சின்ன மாற்றமே பெரிய வித்தியாசம் காட்டும்.

தொழுகைக்காக நாளுக்கு ஐந்து முறை வுழூ செய்பவர்கள் ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட வேண்டியதில்லை, வெறும் தண்ணீர் போதும். ஈரத்தை அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுத்து, முகத்துக்கும் முழங்கைக்கும் சிறிது லோஷன் தடவுங்கள். திரும்பத் திரும்ப நனைந்து காயும் தோல் நனையாத தோலைவிட வேகமாக வறளும். கால்விரல் இடுக்குகளை மட்டும் நன்றாகத் துடைத்து உலர வையுங்கள். அங்கே ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும். வறண்ட சருமத்துக்கென அரச மருந்தகங்களில் தரப்படும் அக்வஸ் கிறீமைக் கழுவுவதற்குப் பாவியுங்கள். அதில் சேர்க்கப்படும் ஒரு நுரைக்கும் பொருள், கழுவாமல் விட்டால் சிலருக்கு எரிச்சல் தரும்.

எண்ணெய் வைத்து முழுகும் வழக்கத்தை விட வேண்டியதில்லை. பிழை எண்ணெயில் இல்லை, அதைப் போக்குவதற்காகச் சீயாக்காயும் சவர்க்காரமும் போட்டு உடம்பை உரஞ்சுவதில் இருக்கிறது. உடம்புக்குப் பூசிய எண்ணெயை அப்படியே தண்ணீரில் ஓட விடுங்கள்.

படி 3: மூன்று நிமிடத்துக்குள் ஈரத்தைப் பூட்டுங்கள்

துவாயால் ஒற்றியபின் தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூச வேண்டும். காய்ந்தபின் பூசினால் வறட்சியின் மேல்தான் படலம் போடுகிறீர்கள்.

அளவில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய கிறீம் அரைக் கிராம். இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்கு அது போதும். ஒரு காலுக்கு அப்படி ஆறு, ஒரு கைக்கு மூன்று, ஒரு பாதத்துக்கு இரண்டு. இரண்டு கையும் காலும் பாதமும் சேர்த்தால் 11 கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மேலே. நாளுக்கு ஒருமுறை பூசினால் 100 கிராம் போத்தல் ஒன்பது நாளில் முடிய வேண்டும். உங்கள் போத்தல் மூன்று மாதம் வருகிறதென்றால் நீங்கள் பூசுவது போதாது. "எந்தக் கிறீமும் எனக்குக் கேட்குதில்லை" என்பவர்களில் பலருக்குக் காரணம் இவ்வளவுதான். அதனால்தான் சின்னப் போத்தலில் வரும் விலைகூடிய கிறீமைவிடப் பெரிய போத்தலில் வரும் மலிவான கிறீமே உடம்புக்கு நல்லது என்கிறோம்.

வாங்கும்போது உள்ளடக்கத்தில் கிளிசரின், செரமைட், பெற்றோலாட்டம் (வசலின்) ஆகியவற்றைத் தேடுங்கள். யூரியா 5 முதல் 10 வீதம் உள்ளவை கால்வறட்சிக்கு மிக நல்லவை, ஆனால் வெடித்த இடத்தில் எரிக்கும்.

பணம் இறுக்கமாக இருந்தால் பாமசியில் கிளிசரின் ஒரு சின்னப் போத்தல் வாங்குங்கள். ஒரு தேக்கரண்டி கிளிசரினோடு மூன்று தேக்கரண்டி கொதித்தாறிய தண்ணீர் கலந்து ஈரத்தோலில் தடவி, அதன்மேல் சில துளி தேங்காய் எண்ணெய் மெல்லிதாகப் பூசுங்கள். எண்ணெய் இல்லாமல் கிளிசரினை மட்டும் பூசிக்கொண்டு கச்சான் காற்றில் நின்றால் அது தோலின் நீரையே இழுத்துவிடும். கலவையை அன்றன்றைக்குச் செய்யுங்கள். பாதுகாப்புப் பொருள் சேராத தண்ணீர்க் கலவை நம் வெக்கையில் பழுதாகும். தேங்காய் எண்ணெய் கைகாலுக்கு நல்லது, முகத்தில் பரு வருபவர்கள் முகத்துக்குப் பூச வேண்டாம்.

விறகடுப்பில் சமைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வசலின், பரஃபின் களிம்புகள், எண்ணெய் ஆகியவை ஊறிய உடுப்பு தீயில் வேகமாகப் பற்றும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. தடித்த களிம்பை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பூசிய சோட்டியோடு அடுப்படிக்குப் போக வேண்டாம்.

பித்தவெடிப்புக்கு 20 அல்லது 25 வீத யூரியாக் களிம்பைப் படுக்கும்போது பூசிப் பருத்திச் சொக்ஸ் போடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் பிளேட்டால் குதிக்கால் சீவவே கூடாது.

படி 4: வெயிலை மறையுங்கள்

நாம் இருப்பது மத்திய கோட்டுக்கு வடக்கே ஏழு, எட்டுப் பாகையில். நண்பகல் வெயிலின் புறஊதாச் சுட்டெண் வருடத்தின் பெரும்பகுதியில் கடுமையின் உச்ச வகுப்பான 11ஐத் தொடும் அல்லது தாண்டும். மாநிறத் தோலுக்குச் சுருக்கம் தாமதமாக வரும் என்பது மெய். ஆனால் மங்கும் கறுப்புத் திட்டும் நமக்குத்தான் அதிகம், அதைக் கூட்டுவது வெயில்.

மலிவானதும் உறுதியானதும் நிழல். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் குடை, அல்லது விளிம்பு நாலு விரலாவது அகலமான தொப்பி, நீளக்கைச் சட்டை. சன்ஸ்கிறீன் அதன் மேலதிகமே. எஸ்பிஎஃப் (எரிக்கும் கதிரைத் தடுக்கும் அளவு) 30 அல்லது 50, தோலின் ஆழம்வரை போகும் யூவிஏ கதிருக்கான பாதுகாப்பும் குறிப்பிட்டதாக இருக்க வேண்டும். சரியாகப் பூசினால் 30 உள்ளது எரிக்கும் கதிரில் 97 வீதமும் 50 உள்ளது 98 வீதமும் தடுக்கும். எண்ணைவிட அளவே முக்கியம். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. வெளியே போக 15 நிமிடத்துக்கு முன் பூசி, வெயிலில் நின்றால் இரண்டு மணிக்கொருமுறை மறுபடி பூச வேண்டும். வேர்த்து வழிந்தால் அதற்கும் முன்பே.

மங்கு உள்ளவர்களுக்கு இன்னொரு விடயம். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் சூடும்கூட மங்கைக் கறுக்கவைக்கும். வெள்ளைச் சன்ஸ்கிறீன் வெளிச்சத்தைத் தடுக்காது. தோல்நிறச் சாயம் கலந்த, அதாவது இரும்பு ஒக்சைட் சேர்ந்த வகையே தடுக்கும். அடுப்புக்கு நேரே குனிந்து ஊதுவதைக் குறைத்து ஊதுகுழல் பாவியுங்கள்.

அபாயா, முக்காடு அணிபவர்களுக்கும் வெயிலுக்கு வெளியே போகாதவர்களுக்கும் விற்றமின் டி குறையக்கூடும். மூட்டுவலி, தசைவலி இருந்தால் வைத்தியரிடம் கேட்டுச் சோதித்துப் பாருங்கள்.

படி 5: ஒரு மருந்து, ஒன்றே ஒன்று

முதல் நான்கு படிகளையும் நாலு கிழமை செய்தபின், எரிச்சலும் உரிவும் அடங்கியிருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள். உங்களை அதிகம் வருத்தும் ஒரு பிரச்சினையைத் தெரிவுசெய்து, அதற்கு ஒரு பொருளை மட்டும் தொடங்குங்கள். புதியது எதையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் காலையும் மாலையும் ஏழு நாள் தடவிப் பாருங்கள். இரண்டு மூன்றை ஒன்றாகத் தொடங்கினால் எது சுட்டது என்று தெரியாது.

மங்கும் பருவும் சேர்ந்து இருப்பவர்களுக்கு நாம் முதலில் சொல்வது அசெலாயிக் அமிலம், 15 அல்லது 20 வீதம். ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் தொடங்கி, இரண்டு கிழமையில் நாளாந்தம் ஆக்கலாம். முதல் சில நாள் சுறுசுறுக்கும். பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அது எரித்தால் நயாசினமைட் 4 அல்லது 5 வீதம் மென்மையான தெரிவு.

சுருக்கத்துக்கும் மெலிவுக்கும் நிரூபணம் அதிகமுள்ளது ட்ரெற்றினோயின். 0.025 வீதக் கிறீமில், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணியளவு. கிழமைக்கு இரண்டு இரவு மட்டும் தொடங்கி, மாதம் ஒன்று போனபின் மூன்றாக்குங்கள். முகம் கழுவி 20 நிமிடம் காயவிட்டுப் பூசி, மேலே ஈரப்பதக் கிறீம் பூசுங்கள். கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் தவிர்க்கவும். இதை வைத்தியரின் சீட்டோடுதான் வாங்க வேண்டும். மிக முக்கியமான எச்சரிக்கை: மாதவிடாய் முறை தவறினாலும் இந்த வயதில் கரு தங்கலாம். கருத்தரிக்க வாய்ப்புள்ளவர் இதைப் பாவிக்கக்கூடாது. 50 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் இரண்டு வருடமும், 50க்குப் பின் நின்றால் ஒரு வருடமும் கருத்தடை தொடர வேண்டும் என்பது பொது விதி.

ஹைட்ரோகுவினோன் மங்குக்கு வேலை செய்யும். ஆனால் வைத்தியர் சொன்ன மூன்று நாலு மாதத்தைத் தாண்டித் தொடர்ந்தால் நீலக்கறுப்பாக மாறாத நிறம் படியும். விற்றமின் சி திரவம் நம் வெக்கையில் சீக்கிரம் பழுப்பாகிப் பயனற்றுப்போகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கொலாஜன் பவுடருக்கும் அப்படியே. விலைக்கேற்ற உறுதியான பலன் அதில் இல்லை.

படி 6: வெக்கை எழும்பும் இரவுகள்

நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி ஓரிரு நிமிடம் நின்று, வேர்த்து, பிறகு குளிர்வது இந்தக் காலத்தின் அடையாளம். உறைப்பான கறி, சுடச்சுடத் தேநீர், அடுப்புச் சூடு ஆகியவை பலருக்கு அதைக் கிளப்பும். எது உங்களைக் கிளப்புகிறது என்று இரண்டு கிழமை குறித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். மருதமுனைக் கைத்தறிச் சாறன் துணி பழசானால் மிக மென்மையாகும், வேர்வையை நன்றாக உறிஞ்சும். அதை வெட்டித் தலையணைக்கு விரிக்கலாம், மார்புக்குக் கீழேயும் வைக்கலாம். பொலியெஸ்டர் அபாயா அணிபவர்கள் உள்ளே மெல்லிய பருத்தி ஒன்றைப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் மாற்றுங்கள். ஈரமான தலைமயிரை முக்காட்டுக்குள் கட்டினால் பொடுகும் கடியும் கூடும்.

மார்புக்குக் கீழும் தொடையிடுக்கிலும் சிவந்து, ஓரத்தில் சின்னப் பொட்டுக்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் பங்கசு. கழுவி முழுதாக உலர்த்தி, குளொட்ரிமசோல் 1 வீதக் கிறீமை நாளுக்கு இரண்டுமுறை பூசுங்கள். சிவப்பு மறைந்தபின்னும் இரண்டு கிழமை தொடருங்கள். மூன்று நாளில் கடி நின்றதும் விட்டுவிடுவதே திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம். பங்கசு மருந்தும் ஸ்டெரொயிட்டும் அன்டிபயோட்டிக்கும் ஒன்றாகக் கலந்த கிறீமைச் சீட்டில்லாமல் கேட்டு வாங்காதீர்கள். கடி உடனே அடங்கும், படை உள்ளே பரவிப் பிறகு எந்த மருந்துக்கும் இலேசில் மாறாது. வாசனைப் பவுடர் வேர்வையோடு கட்டியாகி உராயும், துணிதான் நல்லது.

படி 7: வாய்விட்டுச் சொல்லாத இடம்

பிறப்புறுப்பின் தோல்தான் ஈஸ்ட்ரோஜன் குறைவை மிகவும் உணரும். வறட்சி, எரிவு, உறவில் வலி, அடிக்கடி சிறுநீர்க்கடுப்பு ஆகியவை இதன் பகுதியே. முகத்து வறட்சி பழகிப்போகும், இது தானாக மாறுவது குறைவு, காலம் போகப் போகக் கூடும். கணவனிடமும் சொல்லாமல் வருடக்கணக்கில் தாங்குகிறார்கள் என்பதுதான் நமக்கு மிகவும் கவலை, ஏனென்றால் இதற்கு எளிய, நல்ல மருந்து இருக்கிறது.

வெளியே வெறும் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள். சவர்க்காரம், கிருமிநாசினி, வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். உள்ளே கழுவவே கூடாது. வெளித்தோலுக்கு வசலின் மெல்லிதாகப் பூசலாம். ஆணுறை பாவிப்பவர்கள் எண்ணெயோ வசலினோ சேர்த்தால் ரப்பர் கிழியும், தண்ணீர் சார்ந்த வழுக்குக் களிம்பே சரி. இவை போதாவிட்டால் யோனியில் இடும் ஈஸ்ட்ரோஜன் கிறீம் உண்டு. அதன் அளவு மிகக் குறைவு, உடம்பெங்கும் பரவுவது சொற்பம். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் அதைச் சொல்லியே கேட்க வேண்டும். கடுமையான கடியோடு வெண்திட்டு தெரிந்தால் கிறீம் வாங்காமல் நேரே வைத்தியரிடம் காட்டுங்கள்.

மயிரும் உணவும்

நாடி மயிரைப் பிடுங்கலாம், நூலிலும் எடுக்கலாம். வழித்தால் தடித்து வளரும் என்பது உண்மையல்ல. ஆனால் மெழுகும் ட்ரெற்றினோயினும் ஒன்றுசேர்ந்தால் தோல் உரிந்துவரும். தலைமயிர் கொட்டினால் எண்ணெய் மாற்றுவதற்கு முன் இரும்புச்சத்தும் தைரொயிட்டும் சோதியுங்கள். இந்தக் காலத்தில் இரத்தப்போக்குக் கூடுவதால் இரும்புக் குறைவு மிகச் சாதாரணம். நரைக்குக் கறுப்பு டை போடுபவர்கள் ஒவ்வொரு முறையும் 48 மணிநேரம் முன்பு காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பாருங்கள். பத்து வருடம் ஒத்துப்போன டையும் ஒருநாள் முகம் வீங்க வைக்கலாம். கறுப்பு மருதோன்றி என்று விற்பதிலும் பெரும்பாலும் டையில் உள்ள அதே இரசாயனம்தான்.

சாப்பாட்டில் புதுமை தேவையில்லை. முள்ளோடு தின்னும் நெத்தலி, முருங்கைக் கீரை, எருமைத் தயிர், பயறு, முட்டை. இரும்புக்காகக் கீரை சாப்பிடும் நேரத்தோடு தேநீர் குடிக்காதீர்கள், ஒரு மணிநேரம் தள்ளுங்கள்.

எல்லாவற்றையும் வயதின் மேல் போடாதீர்கள்

சில அறிகுறிகளை ஹோமோன் என்று விட்டுவிடக்கூடாது. கழுத்துப் பின்புறம் வெல்வெற் போலக் கறுத்துத் தடித்தால் சீனி சோதியுங்கள். உடம்பெங்கும் கடி, ஆனால் தோலில் ஒன்றும் இல்லை என்றால் சீனி, தைரொயிட், ஈரல், சிறுநீரகம் பார்க்க வேண்டும். ஒரு பக்க முலைக்காம்பில் மட்டும் மாறாத சொறி, ஆறாத புண், உள்ளங்காலிலோ நகத்திலோ புதிதாகக் கறுப்புத் தடம், இவற்றுக்கு ஒரு கிழமைக்கு மேல் காத்திருக்க வேண்டாம். மாதவிடாய் நின்று 12 மாதத்துக்குப் பின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் உடனே போக வேண்டும்.

வெளிறிய அல்லது சிவந்த தழும்பு, கடிக்கவும் இல்லை, தொட்டாலும் உணர்ச்சி இல்லை என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். மட்டக்களப்பில் அது இன்னும் ஒழியவில்லை. 6 அல்லது 12 மாத மாத்திரையில் முற்றாக மாறும், மருந்து இலவசம். தேமல் என்று நினைத்துப் பங்கசுக் கிறீம் பூசிக்கொண்டிருந்தால் நரம்பு கெட்டுவிடும்.

முதலில் போக வேண்டிய இடம் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக். 1996 முதல் நாடெங்கும் நடக்கும் இச்சேவையில் இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து ஆகியவை இலவசமாகப் பார்க்கப்படும். எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, கல்முனை அல்லது அம்பாறை வைத்தியசாலைகளின் நிபுணர்களிடம் அனுப்புவார்கள். ஹோமோன் சிகிச்சை வேண்டுமா என்பதையும் அந்த நிபுணரே தீர்மானிப்பார். அது தோலுக்கும் ஓரளவு உதவும், ஆனால் தோலுக்காக மட்டும் எடுக்கும் மருந்தல்ல.

போகும்போது கடைசி ஆறு மாத மாதவிடாய்த் திகதிகளை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். பூசும், குடிக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், சுதேச வைத்தியரின் எண்ணெயும் பெயரில்லாத டப்பியும் உட்பட. முகத்துக்குப் பவுடர் போடாமல் போங்கள். பெண் வைத்தியர் வேண்டுமென்றால் பதியும்போதே சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.